இன்னாசி மூச்சு எடுக்கும் இடம்

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபத்து நான்கு.

குரு மெஹருன்னிஸா, திருச்சியில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே மாடியறையில் ஹெட்போன் பழுது பார்ப்பவள். சீடர் பொன்னுரங்கம், ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"சொல்லித் தர்றவங்கதான் குரு. இதுல வயசு எங்க வந்துச்சு?" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவள் கூச்சப்பட்டுப் பார்த்தாள், அவர் மாற்றிக்கொள்ளவில்லை. அவளும் 'சார்' என்பதை விடவில்லை.

அவர் கற்றுக்கொள்ள வந்தது ஒரே ஒரு ஹெட்போனுக்காக.

லால்குடியில் அவருடைய நண்பர் இன்னாசி பக்கவாதம் வந்து படுத்திருந்தார். பேச்சு போய்விட்டது. காது மட்டும் நன்றாகக் கேட்டது. மகள் ஸ்டெல்லா போனில் சொன்னாள்: "பாட்டு வெச்சா முகம் மலருது மாமா. பசங்க படிக்கறதால சத்தமா வைக்க முடியல. ஹெட்போன் மாட்டினா காது வலிக்குது போல, அப்பா பிடுங்கி எறிஞ்சிடறாங்க."

"வலிக்காத ஒண்ணை நானே செஞ்சு எடுத்துட்டு வர்றேன்" என்றார் பொன்னுரங்கம்.

அது சித்திரையில். இப்போது ஆடி.

முதலில் காதை மூடும் ரெக்சின் திண்டுகளைக் கழற்றி வெல்வெட் திண்டுகள் போட்டார்கள். வியர்வை நின்றது. ஆனால் சத்தத்தின் அடிப்பகுதி மெலிந்துபோனது. உள்ளே மெதுவாக அமிழும் நுரையைத் தைத்தார்கள். போனதில் பாதி திரும்பி வந்தது. தலையை இறுக்காமல் இருக்க, இரண்டு பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கி, அவற்றின் மேல் நான்கு நாள் மாட்டி வைத்தார்கள். விறைப்பான வயர் கழுத்தில் உரசும் சத்தம் காதுவரை வந்தது. அதை எடுத்துவிட்டு, துணி சுற்றிய மெல்லிய வயர் போட்டார்கள்.

"போதும் சார். எடுத்துட்டுப் போங்க" என்று ஆனி மாதமே அவள் சொன்னாள்.

"போலாம். அந்த மூச்சு இன்னும் வரலையே."

அவர்கள் போட்டுக் கேட்டது எண்பத்து நான்கில் பதிவு செய்த ஒரு கேசட்டின் நகல். ரயில்வே குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் இன்னாசி மவுத் ஆர்கன் வாசித்தது. தூரத்தில் ஒரு இன்ஜின் ஊதும். யாரோ வீட்டு அம்மா கொடியில் துணி உதறுவாள். நடுவில் ஓரிடத்தில் வாசிப்பு நின்று மறுபடி தொடங்கும்.

"அங்க ஒரு மூச்சு எடுப்பான் குருவே. மொத்தப் பாட்டும் அதுலதான் இருக்கு. அன்னைக்கு எனக்கு அவ்வளவு தெளிவா கேட்டுச்சு."

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கண்ணை மூடிக் கேட்பார். அந்த இடம் வரும்போது ஒரு விரலைத் தூக்குவார். காத்திருப்பார். பிறகு விரல் இறங்கும்.

அன்று பிற்பகல் அவருடைய போன் அடித்தது. கையில் பசை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, அப்பாவுக்கு நேத்துல இருந்து கஞ்சிகூட இறங்கல. பார்க்கணும்னா சீக்கிரம் வந்துட்டுப் போங்க."

"இதோ முடிஞ்சுடுச்சும்மா. சின்ன வேலை ஒண்ணுதான் பாக்கி."

"நீங்க வந்தா போதும் மாமா."

"வெறுங்கையோடவா வர்றது? ரெண்டே நாள்."

போன் அணைந்தது. அவர் கையிலிருந்த பசையை நிதானமாகத் துடைத்தார்.

"குருவே, வயரை வெள்ளியில போட்டா மூச்சு கேக்குமா?"

மெஹருன்னிஸா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"கடைசியா எப்ப சார் அவரைப் பார்த்தீங்க?"

"ஆறு வருஷம் இருக்கும். நல்லா ஓடியாடிக்கிட்டு இருந்தான். சைக்கிள்லயே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டான்."

"படுத்ததுக்கு அப்புறம்?"

அவர் வயரைச் சுற்றத் தொடங்கினார். ஏற்கெனவே சுற்றியிருந்த வயர் அது.

"என்னை வாங்கு வாங்குன்னு வாங்குவான். 'ஏய் ரங்கம், உனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமே தவிர பாட்டு கேக்கத் தெரியாதுடா'ம்பான். அவன் பேசாம கிடக்கறதைப் போயி..."

அவள் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். திரையில் இன்னாசியின் வாசிப்பு மேடும் பள்ளமுமாக ஓடியது. அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள். அங்கே ஒரு மெல்லிய கோடு மட்டும் இருந்தது.

"இது என்ன குருவே?"

"டேப்போட இரைச்சல். வேற எதுவும் இல்ல. ஒரிஜினல் கேசட்டையும் ஓட்டிப் பார்த்துட்டேன் சார். மூச்சு அதுலயும் இல்ல. வாசிக்கறவர் மைக்கை விட்டுத் தள்ளி உக்காந்திருக்கார்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"இல்ல சார். கேட்டிருக்கீங்க. எதுல கேட்டீங்க?"

பொன்னுரங்கத்தின் முகம் இளகியது.

"வாக்மேன். அதுவும் அவனோடதுதான், மச்சான் குவைத்லேர்ந்து கொண்டுவந்தது. மெல்லிசா ஒரு தகடு, ரெண்டு பக்கமும் ஆரஞ்சுக் கலர் நுரை. இருந்தது ஒரே ஹெட்போன். தகட்டை நல்லா அகட்டி, ரெண்டு தலைக்கும் சேர்த்து மாட்டிக்குவோம். என் இடது காதுல ஒரு நுரை, அவன் வலது காதுல ஒரு நுரை. தலையை ஒட்ட வெச்சாத்தான் நிக்கும். அவன் தலையில வழியற எண்ணெயெல்லாம் எனக்கு! கேக்கறப்பவும் சும்மா இருக்க மாட்டான். வாசிக்கற மாதிரியே உதட்டைக் குவிச்சுக்கிட்டு, அந்த இடம் வந்தா மூச்சை இழுத்து..."



அவர் கை மெதுவாக மேலே போய் வலது காதைத் தொட்டது. அங்கேயே இருந்தது.

கீழே செருப்புக் கடையில் யாரோ ஒன்பதாம் நம்பர் கேட்டார்கள்.

மெஹருன்னிஸா ஹெட்போனை எடுத்தாள். மேல் திண்டைப் பிரித்து உள்ளே இருந்த தகட்டை உருவினாள். மேஜை இழுப்பறையிலிருந்து நீளமான வேறொரு தகட்டை எடுத்து அளந்து வளைத்தாள். இரண்டு முனையிலும் திருகு போட்டு முடுக்கினாள். திண்டை மறுபடி மூடித் தைத்தாள். அவள் செய்வதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டிப் பாருங்க சார்."

மாட்டினார். தலையில் நிற்காமல் வழுக்கித் தோளில் விழுந்தது. மறுபடி மாட்டினார். மறுபடியும் விழுந்தது.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கே!" முதல் முறையாக அவர் வாயில் குரு என்பது வரவில்லை. "மூணு மாச வேலை! நிக்கவே மாட்டேங்குதே!"

அவள் அதை அவர் தோளிலிருந்து எடுத்து, துணியில் சுற்றி, அவர் பையில் வைத்தாள்.

"ஒரு தலையில நிக்காது சார்" என்றாள்.