கொம்புக்கால்

முதலில், எழுத்துகள் பெட்டிகளாயின. தோல் தொழிற்சாலையின் வாசலில் வருகைப்பதிவுக் கணினியை வைத்த அன்று, உள்ளே போன ஒவ்வொருவர் பெயருக்கும் பதிலாகத் திரையில் வெற்றுப் பெட்டிகள் வரிசையாக நின்றன.

இரண்டாவது, பெட்டிகள் போய் எழுத்துகள் வந்தன. ஆனால் கொம்புகள் கழன்றன. கெங்கம்மாளின் கொம்பு ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியே முன்னால் நின்றது. மேஸ்திரி அதை அப்படியே எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரித்தான்.

மூன்றாவது, வரிக்கு மேலே இடம் போதாமல் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் வெட்டுப்பட்டன.

நான்காவது, கட்டம் சின்னது என்று பெயர்களின் வாலை நறுக்கினார்கள். பச்சையம்மாளும் பச்சையப்பனும் வெறும் ‘பச்சை’ ஆனார்கள். ஒருவர் வராத நாளுக்கு மற்றவர் திட்டு வாங்கினார்.

ஐந்தாவது, சௌடம்மாள் கழிவுத் தொட்டியில் இறங்கி விஷவாயுவில் செத்தாள். அப்படி ஒருத்தி எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்றது நிர்வாகம்.

முதல் நான்கும் தீர்ந்தன. தீர்த்தவர் சங்கச் செயலாளர் பொன்னுரங்கம். அறுபது தாண்டியவர். பள்ளிக்கூடம் போகாதவர். சங்கத்து அச்சகத்தில் துண்டறிக்கைக்கு எழுத்துக் கோத்தே எழுத்துப் படித்தவர். பட்டம் வாங்கியவர்களிடம் தலை குனிவதில்லை என்பதை ஒரு விரதமாகவே வைத்திருந்தார்.

அந்த விரதம் ஒருத்தியிடம் மட்டும் உடைந்தது. அவள் மெஹருன்னிசா. அவருக்குப் பாதி வயது. செருப்பு அட்டை விற்கும் கடைக்கு மேலே ஒற்றை அறையில் உட்கார்ந்து, திரையில் உடைந்த எழுத்துகளைச் சரிசெய்து கொடுப்பவள். பெட்டிகள் வந்த நாளில் பொன்னுரங்கம் படியேறிப் போய், “இதுக்கு யார் மேல கேஸ் போடலாம்?” என்று கேட்டார்.

“உக்காருங்க,” என்றாள் அவள். “அந்தக் கணினியில தமிழ் எழுத்துருவே இல்ல. போட்டா எழுத்து வந்துடும். போடக் கத்துக்கிறீங்களா?”

கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து அவளை டீச்சர் என்றார். அவள் அவரைத் தோழர் என்றாள். நரைச்ச மாணவன் என்று கடைத்தெரு கேலி செய்தது. அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சௌடம்மாளின் சாவைப் பற்றிய இரண்டாம் விசாரணை அன்று காலையில் அவர் மறுபடியும் அந்தப் படிகளை ஏறினார்.

“டீச்சர், ஒரு சான்று எழுதிக் குடுங்க.”

“என்னன்னு?”

“கம்பெனிக்காரன் சௌடம்மா பேரைக் கணினியிலேருந்து அழிச்சுட்டான்னு.”

“அழிச்சானா?”

“தேடினா வரலைன்னு அவனே சொல்றான். அழிக்காம எப்படி வராம இருக்கும்?”

“நான் பாக்கலையே, தோழர்.”

“பாக்கணுமா? அவன் புத்தி எனக்குத் தெரியாதா? அவன் அப்பன் காலத்துலேருந்து சண்டை போடறேன்.”

மெஹருன்னிசா விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள். “அந்தப் பேரை இங்க ஒரு தடவை அடிங்க.”

பொன்னுரங்கத்துக்கு முகம் சிவந்தது. “எனக்கு இப்ப எழுத்துப் பாடம் வேணாம். அந்தப் பேரை அச்சுக்கோத்து ஊர் பூரா சுவரொட்டி ஒட்டினவன் நான்.”

“ஒரே ஒரு தடவை.”

“சான்று குடுப்பீங்களா, மாட்டீங்களா?”

“தெரியாததை எழுதித் தர மாட்டேன்.”

“நீங்களும் அந்தப் பக்கந்தானா?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, “வாங்க, போகலாம்,” என்றாள்.

தொழிற்சாலை வாசலில் தகரக் கொட்டகைக்குக் கீழே மேசை போட்டிருந்தார்கள். மேசைமேல் வருகைப்பதிவுக் கணினி. கூட்டம் பார்க்கும்படி பெரிய திரை ஒன்றையும் அதோடு இணைத்திருந்தார்கள். அந்த ஏற்பாடு பொன்னுரங்கம் கேட்டு வாங்கியது. ஊரே பார்க்கட்டும், ஒரே தேடல், பெயர் வந்தால் வழக்கு நிற்கும், வராவிட்டால் நான் எழுந்து போகிறேன் என்று முதல் விசாரணையில் வீறாப்பாகச் சொல்லியிருந்தார். விசாரணை அதிகாரி அதை உடனே எழுதிக்கொண்டார்.

வேறு வழியும் இருக்கவில்லை. டோக்கன் எண்ணைக் கேட்டால், ஒப்பந்தத் தொழிலாளருக்கு எண் கிடையாது என்றார்கள். கைரேகையை வைத்துத் தேடலாம் என்றால், அந்தக் கை சுடுகாட்டில் எரிந்துவிட்டது. பெயரை அடித்தால் மட்டுமே பதிவு திறக்கும்.

சௌடம்மாளின் மகள் இந்திராணி முன்வரிசையில் நின்றாள். பெயர் வராவிட்டால், வெளியாள் ஒருத்தி அத்துமீறி உள்ளே நுழைந்து தொட்டியில் விழுந்தாள் என்று கோப்பை மூடிவிடுவார்கள். அம்மாவைத் திருடி என்று எழுதப்போகிறார்கள் என்பதுதான் அவளுக்குப் புரிந்திருந்தது.

“ஆரம்பிக்கலாமா?” என்றார் அதிகாரி.

மேலாளர் தாமோதரன் நாற்காலியைப் பொன்னுரங்கத்துக்காக இழுத்துப் போட்டார். “உக்காருங்க தோழர். உங்க மனுவுல இருந்த பேரை அப்படியே எடுத்துப் போட்டு நாங்களும் தேடிட்டோம். நீங்களும் ஆசை தீரத் தேடுங்க.”

“உன் ஆசை இன்னிக்குத் தீரும்,” என்றார் பொன்னுரங்கம்.

உட்கார்ந்தார். அச்சுக்கோத்த விரல்கள். தடுமாறாமல் அடித்தன. பெரிய திரையில் ஒவ்வோர் எழுத்தாக விழுந்தது.

செளடம்மாள்.

“எல்லாருக்கும் தெரியுதா?” என்றார் அதிகாரி.

“தெரியுது,” என்றது கூட்டம்.

“பேரு சரியா இருக்கா?”

“சரியா இருக்கு.”

பொன்னுரங்கம் பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு வளையம் சுற்றியது. பிறகு நின்றது.

பதிவு இல்லை.

பின்னாலிருந்து ஒரு குரல், “உடைங்கடா அந்தப் பொட்டியை!” என்றது. கூட்டம் முன்னால் நகர்ந்தது. காவலர்கள் தடியை எடுத்தார்கள். தாமோதரன் மேசையிலிருந்து இரண்டடி பின்வாங்கி, “பாத்தீங்களா சார், இதுதான் இவங்க,” என்றார்.

இந்திராணி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றினார்.

பொன்னுரங்கம் திரும்பினார். வாழ்நாள் முழுக்கக் கூட்டத்தைப் பார்த்துப் பேசியவர், அன்று முதல்முறையாகக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டினார். மெஹருன்னிசா நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

“டீச்சர்,” என்றார். “எங்க போனா அவ?”

மெஹருன்னிசா அதிகாரியைப் பார்த்தாள். “சார், இவர் ஒரு எழுத்தை அழிக்கலாமா?”

“ஒரு தேடல்னுதானே பேச்சு?” என்றார் தாமோதரன்.

“தேடப் போறதில்ல. அழிக்கத்தான்.”

அதிகாரி கையை அசைத்தார். அழிச்சுத் தொலைங்க என்பது போல.

“தோழர், பேரோட முதல் எழுத்துக்கு அப்புறம் இருக்கிற எல்லாத்தையும் எடுத்துடுங்க.”

எடுத்தார். திரையில் ‘செள’ என்று மட்டும் நின்றது.

“இது எத்தனை எழுத்து?”

“ஒண்ணு. சௌ.”

“அழிக்கிற பொத்தானை ஒரே ஒரு தடவை தட்டுங்க.”

தட்டினார்.

‘செ’ நின்றது.

பொன்னுரங்கம் திரையைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார்.

“என்ன போச்சு?” என்றாள் மெஹருன்னிசா.

“ள போச்சு.”

“உங்க அச்சகத்துல ஔகாரத்தை எப்படிக் கோப்பீங்க?”

“கொம்பு, ச, அப்புறம்…” அவர் நிறுத்தினார். ஔகாரத்தின் பின்பாதிக்குக் கொம்புக்கால் என்று பெயர். பார்வைக்கு அசல் ளகரம். சங்கத்து அச்சகத்தில் அதற்குத் தனி அச்சு இருந்ததில்லை. ளகரத்தைத்தான் எடுத்துக் கோப்பார்கள். படிக்கிறவன் சௌ என்றே படிப்பான். ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளில் அப்படித்தான் படித்தான். சுவரொட்டியில் படித்தான். மனுவில் அதிகாரியும் படித்தார். கண் மன்னித்த பிழை அது. கணினிக்கு மன்னிக்கத் தெரியவில்லை. அது செ என்ற எழுத்தையும் ள என்ற எழுத்தையும் சேர்த்துப் பார்த்து, செளடம்மாள் என்று ஒருத்தியைத் தேடி, அப்படி யாரும் இல்லை என்று உண்மையைச் சொல்லியிருந்தது.

“ரெண்டும் ஒண்ணாத்தானே தெரியுது,” என்றார் முணுமுணுப்பாக.

“யாருக்கு?” என்றாள் அவள்.

அதிகாரி பேனாவைத் தாளில் வைத்தார். “முடிஞ்சுதா? எழுதிடலாமா?”

“எழுதாதீங்க சார்.” பொன்னுரங்கம் எழுந்தார். “நான் இன்னும் தேடலை.”

“எல்லாரும் பாத்தாங்களே!” என்றார் தாமோதரன்.

“பாத்தாங்க. நான் அடிச்சது அவ பேரில்ல. வேற பேரு. பாக்க ஒண்ணா இருக்கும், உள்ள வேற.”

தாமோதரன் சிரித்தார். “அப்ப மனுவுல இருந்தது?”

இதற்குத்தான் பொன்னுரங்கம் பயந்தார். முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் அவர் அச்சடித்துக் கொடுத்ததைப் படித்து வளர்ந்தவர்கள். அவர் வாயிலிருந்து ‘தப்பு’ என்ற சொல் நிர்வாகத்தை நோக்கி மட்டுமே வந்து கேட்டவர்கள்.

“மனுவுலயும் தப்பு,” என்றார்.

“சத்தமாச் சொல்லுங்க தோழர். பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல.”

“மனுவுலயும் தப்பு! நான்தான் தப்பா அடிச்சேன். போதுமா?”

கூட்டம் அடங்கியது. யாரோ ஒரு கிழவர், “என்ன செயலாளரே இது,” என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் சுட்டது.

“மனுவே தப்புன்னா வழக்கும் தப்பு சார்,” என்றார் தாமோதரன் அவசரமாக.

அதிகாரி தலையைச் சொறிந்தார். பெரிய திரையில் நின்ற ‘செ’யைப் பார்த்தார். பொன்னுரங்கத்தைப் பார்த்தார். “தப்பா அடிச்சேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?”

“போடறேன்.”

“இவங்க எல்லாரும் சாட்சியா?”

“இவங்க எல்லாரும்.”

“அப்ப இனிமேதான் தேடல். ஒரே ஒரு தடவை.”

பொன்னுரங்கம் உட்கார்ந்தார். விரல்கள் பழக்கத்தில் கொம்பைத் தேடிப் போயின. நிறுத்தினார். ச அடித்தார். மெஹருன்னிசா ஒரு விசையைச் சுட்டினாள். ஒரே தட்டு. கொம்பும் கொம்புக்காலும் ஒன்றாக வந்து சகரத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தன.

சௌடம்மாள்.

கூட்டத்துக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. “அதேதானே!” என்றார்கள். “மறுபடியும் அதையேதானே அடிக்கிறாரு!”

அழுத்தினார். வளையம் சுற்றியது. இந்திராணி எழுந்து நின்றாள்.

படம் முதலில் வந்தது. தலையில் துண்டு கட்டிய ஒரு பெண், வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு. பிறகு கட்டங்கள் வந்தன. பிரிவு, கழிவுத் தொட்டி. உள்ளே வந்த நேரம் என்ற கட்டத்தில் அவள் செத்த அன்றைய காலை இருந்தது. வெளியே போன நேரம் என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை.

தாமோதரன் திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. பொன்னுரங்கம் அதைப் பார்த்தார். பார்த்தும் கத்தவில்லை.

“டீச்சர்,” என்றார் தணிந்த குரலில். “காலையிலயே இதைச் சொல்லியிருக்கலாமே.”

“காலையில நீங்க என்கிட்ட கம்பெனிக்காரனைப் பத்தித்தான் கேட்டீங்க, தோழர். அந்தம்மாவைப் பத்திக் கேக்கலையே.”

பொன்னுரங்கம் திரையில் இருந்த படத்தைப் பார்த்தார்.

அதிகாரி தாளைத் திருப்பிப் புதுப் பக்கத்தில் பேனாவை வைத்தார். “திரையில இருக்கிற பேரைச் சாட்சிகளுக்குக் கேக்கிற மாதிரிப் படிங்க. எழுதிக்கிறேன்.”

பொன்னுரங்கம் எழுந்து கூட்டத்தைப் பார்த்து நின்றார். முழங்குவதற்கு வழக்கமாக உயரும் கை உயரவில்லை. ஒவ்வோர் எழுத்தாக, மெதுவாக, இந்திராணியைப் பார்த்துக்கொண்டே படித்தார்.

“சௌடம்மாள்.”