பட்டை மேலே, அச்சு கீழே

கூழாங்கல்பட்டியில் முப்பது வீடு. ஜீப் ஒன்று. மூளை எத்தனை என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஜீப் ஒச்சப்பனுடையது. அவன் பெண்டாட்டி போதும்பொண்ணு ஏலக்காய் பறிக்கிறவள். தோட்டம் மலை உச்சியில். தினமும் விடியுமுன் கிளம்பி இரண்டு மணி நேரம் மேடேற வேண்டும். வாசலில் சொந்த ஜீப் நிற்கும், அவள் அதைத் தாண்டி நடந்து போவாள். ஏனென்றால் பாதி வழியில் பாதையை அடைத்துக்கொண்டு ஒரு பாறை. அதில் ஏறினால் ஜீப்பின் வயிறு தட்டி, பின் அச்சு முனகி, வண்டி படுத்துவிடும். போதும்பொண்ணுக்கு முழங்கால் போய்க்கொண்டிருந்தது.

இந்த வருசம் தோட்டத்து சூப்பர்வைசர் செல்வநாயகம் ஒரு பேச்சு சொன்னார். "எவன் ஜீப் ஞாயித்துக்கெழமைக்குள்ள பாறையத் தாண்டி மேல வருதோ, சீசன் முழுக்க ஆள் கூட்டியார்ற வேலை அவனுக்கு. இல்லேன்னா எல்லாரும் நடந்தே வாங்க."

போதும்பொண்ணு புருசனைப் பார்த்தாள். ஒச்சப்பன் தன் மச்சினன் சீனிராசுவைப் பார்த்தான். சீனிராசு, கூடவே திரியும் பரமனைப் பார்த்தான். பரமன் பார்க்க ஆளில்லாமல் ஜீப்பைப் பார்த்தான்.

மெக்கானிக் அபூபக்கர் பாயிடம் போனார்கள். பாய் நல்ல மனுசன். உடைத்துப் போட்ட வேன் ஒன்றின் தடித்த பின் அச்சைச் சல்லிசாகக் கொடுத்தார். "நான் மக வீட்டுக்குப் போறேன், நீங்களே மாட்டிக்கங்க. பாரந்தாங்குற வில்லுப் பட்டை இருக்குல்ல? இப்ப அது அச்சுக்குக் கீழ கெடக்கு. அத அச்சுக்கு மேல கொண்டு வந்துட்டா வண்டி ஒரு சாண் உசந்துரும். பெரிய செலவெல்லாம் இல்ல."

மூவரும் ஜீப்புக்கடியில் படுத்து ஆராய்ந்தார்கள்.

"பட்டை எங்கடா இருக்கு?"

"கீழ இருக்கு மாமா."

"எங்க வரணும்?"

"மேல வரணும்."

மூவரும் மாறி மாறிப் பட்டையைத் தட்டிப் பார்த்தார்கள். பிறகு சீனிராசு சொன்னான்: "மாமா, வண்டியவே கவுத்துட்டா?"

எட்டுப் பேரைக் கூப்பிட்டுக் கவிழ்த்தார்கள். டீசல் கொட்டியது, ஆயில் கொட்டியது, போன வருசம் தொலைந்த டிபன் பாக்ஸும் விழுந்தது. ஆனால் பட்டை மேலே, அச்சு கீழே. பாய் சொன்னது சொன்னபடி. கை தட்டினார்கள்.

போதும்பொண்ணு வேலை முடிந்து வந்தாள். ஜீப் செத்த கரப்பான்பூச்சி மாதிரி நாலு சக்கரத்தையும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது.

"ஏய்யா, இத எப்படி ஓட்டுவ?"

"அதுக்கு நிமித்தணும்ல," என்றான் ஒச்சப்பன், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

நிமிர்த்தினார்கள். பட்டை கீழே இருந்தது.

"எவன்டா மறுபடி எறக்குனது?"

யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி கவிழ்த்தார்கள். இந்தத் தடவை பட்டையை விட்டுக் கண்ணை எடுக்காதே என்று பரமனைக் காவல் வைத்துவிட்டு நிமிர்த்தினார்கள். பரமன் முகம் வெளிறிப்போய் வந்தான். "கண்ணக்கூடச் சிமிட்டலண்ணே. அதுவா எறங்கிருச்சு."

"கழட்டி மாட்டுங்கடா எருமைகளா!" என்று போதும்பொண்ணு போட்ட சத்தத்தில்தான் ஸ்பேனர் வெளியே வந்தது.

கழற்றினால் இன்னொரு சிக்கல். பட்டை உட்காரும் மேடை புது அச்சின் அடிப்பக்கம் இருந்தது. பாயைப் போனில் பிடித்தார்கள். மேல்பக்கம் புதுசாக ஒரு மேடை வைத்து வெல்டிங் அடிக்கச் சொன்னார். வெல்டிங் என்றால் செலவு. ஒச்சப்பன் தாடையைச் சொறிந்தான்.

"அச்ச தலைகீழாப் பொரட்டிட்டா, அடியில இருக்குற மேடை மேல வந்துருமே?"

"மாமா, நீ இந்த ஊர்ல பொறந்திருக்க வேண்டிய ஆளே இல்ல!"

புரட்டி மாட்டினார்கள். ஜீப் நிஜமாகவே ஒரு சாண் உயர்ந்து நின்றது. அன்றைக்குத்தான் போதும்பொண்ணு புருசனுக்கு முட்டை பொரித்துப் போட்டாள்.

மறுநாள் ஒச்சப்பன் முதல் கியர் போட்டான். ஜீப் பின்னால் போய்க் கோழிக்கூண்டை இடித்தது. இரண்டாவது போட்டான். இன்னும் வேகமாகப் பின்னால் போய்ச் சுவரை இடித்தது. ரிவர்ஸ் போட்டான். பதவிசாக முன்னால் வந்தது. அச்சைத் தலைகீழாக மாட்டினால் சக்கரமும் எதிர்ப்பக்கம்தான் சுற்றும். இவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

"கியர்ல தப்பில்லண்ணே," என்றான் பரமன். "வண்டி மூஞ்சிய அந்தப் பக்கம் வச்சுக்கிட்டு நிக்குது, அதான்."

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பின் பின்பக்கத்தை மலைக்குக் காட்டி நிறுத்தினார்கள். ஒச்சப்பன் கழுத்தைத் திருகிக்கொண்டு ஓட்ட, மற்ற இருவரும் பின்னால் தொங்கி, "ரைட்டு! லெப்டு! மரம்! மாமா, மரம்!" என்று கத்த, அந்தச் சனியன் பாறையைத் தாண்டியேவிட்டது.

உச்சியில் செல்வநாயகம் ஜீப்பின் பின்பக்கத்தை எதிர்கொண்டார். "என்னய்யா, பின்னாலயே வர்ற?"

"போறப்பத் திருப்ப வேண்டியதில்ல சார்."

அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "சரி, வேலை ஒனக்குத்தான். நாளைக்குக் காலையில டாண்ணு ஆறு மணிக்கு வண்டி இங்க நிக்கணும்."

மறுநாள் போதும்பொண்ணு பல வருசம் கழித்து அஞ்சு மணிவரை தூங்கினாள். தலை சீவி, கூடையோடு வாசலுக்கு வந்தாள். பறிக்கிற பெண்கள் பதினாறு பேரும் காத்திருந்தார்கள். ஜீப்பைத்தான் காணோம். ஒச்சப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மற்ற இருவரோடும் வந்தான்.

"இன்னும் நிக்கிறீகளா? நடங்க, நடங்க! நேரமாச்சு!"

"வண்டி எங்கய்யா?"

"மேல நிக்குது. ஆறு மணிக்கு அங்க நிக்கணும்னு சொன்னாருல்ல? அதான் நேத்தே அங்கனயே விட்டுட்டு ராவோட ராவா நடந்து வந்துட்டோம். சும்மா எறக்கி ஏத்தி டீசலக் கரியாக்கவா?"

நடந்தார்கள். உச்சிக்குப் போகும்போது மணி ஏழு தாண்டிவிட்டது. செல்வநாயகம் தொண்டை கிழியக் கத்தினார். "ஆள் எங்கய்யா வந்தாங்க? எல்லாரும் நடந்துல்ல வந்திருக்காங்க! வண்டியில கூட்டியான்னுதான ஒனக்கு வேலை குடுத்தேன்?"

ஒச்சப்பன் யோசித்தான். மற்ற இருவரும் கூட நின்று யோசித்தார்கள். அவர் சொல்வதும் சரிதான்.

"ஏறுங்க எல்லாரும்!" என்றான் ஒச்சப்பன்.

போதும்பொண்ணுக்கு முழங்கால் நடுங்கிக்கொண்டிருந்தது. உட்கார ஒரு இடம் கிடைத்தால் போதும் என்று முதல் ஆளாக ஏறி முன்சீட்டைப் பிடித்தாள். பதினாறு பேரும் பின்னால் நெருக்கியடித்து ஏறினார்கள். அவர்களை வண்டியில் தோட்டத்துக்குக் கூட்டிவருவதற்காக, ஜீப் தோட்டத்திலிருந்து ஊருக்குப் புறப்பட்டது.