வாயில் நீர் அடக்கிய மாராயி

அந்தக் காலத்தில் மீனும் பேசியது, நீர்நாயும் பேசியது, மனிதனின் கையும் நாக்கும்கூடத் தங்களுக்குள் பேசிக்கொண்டன. ஆனால் கைக்கு ஞாபகம் என்று ஒன்று கிடையாது. நூறு தடவை செய்த வேலையையும் நூற்றோராவது தடவை நாக்கு சொன்னால்தான் செய்யும். களி கிண்டுகிறவள் “கிண்டு, அழுத்து, புரட்டு” என்று சொல்லிக்கொண்டே கிண்டவேண்டும். நடுவில் வாசலுக்கு வந்தவரைப் பார்த்து “வாங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கை அப்படியே நின்றுவிடும், களி அடிபிடித்துவிடும். இப்போது நம்மில் பாதிப் பேர் கையைச் சும்மா வைத்துக்கொண்டு வாயை ஓட்டுகிறோம். அப்போதெல்லாம் வாய் ஓடினால்தான் கை ஓடும்.

நாக்குக்கு இதில் கொஞ்சநஞ்சமல்ல கர்வம். “நான் இல்லேன்னா நீ வெறும் கட்டை” என்று கையைப் பார்த்துச் சொல்லும். கை மறுத்துப் பேசாது. பேசுவதற்கு அதனிடம் என்ன இருந்தது?

காவிரிக்கரையில் மாராயி என்றொரு பரிசல்காரி இருந்தாள். மூங்கில் பிளாச்சால் பின்னி, மேலே தோல் போர்த்திய வட்டப் பரிசல் அவளுடையது. பிள்ளைப்பேறு பார்க்கிறவளும் அவள்தான். பரிசலில் ஆள் ஏறியதும், “அக்கரை போற வரைக்கும் என்கிட்ட யாரும் பேச்சுக் கொடுக்காதீங்க” என்று கறாராகச் சொல்லிவிடுவாள். பிறகு “நடு, இழு, திருப்பு” என்று கைக்குச் சொல்லத் தொடங்குவாள். துடுப்பை முன்னால் நட்டு, தன் பக்கம் இழுத்து, நுனியைத் திருப்பி எடுக்கவேண்டும். திருப்ப மறந்தால் பரிசல் முன்னே போகாது, நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றும்.

ஆடி பிறந்தால் இந்தப் பிழைப்புக்கும் பூட்டு. ஆற்றில் புதுவெள்ளம் வரும், கீழே அருவி போடும் கூச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. நாக்கு சொல்வது கைக்குக் கேட்காவிட்டால் யார் துடுப்புப் போடுவது? ஆவணி முடியும் வரைக்கும் பரிசல்களையெல்லாம் கரையில் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். அந்த இரண்டு மாதமும் அக்கரைக்காரர்கள் யாரோ, இக்கரைக்காரர்கள் யாரோ.

மாராயியின் தங்கை பாவாயி வாழ்க்கைப்பட்டது அக்கரையில். அங்கே பேறு பார்க்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. வலி எடுத்துவிட்டால் கரையிலிருக்கும் மருதமரத்தில் சிவப்புச் சேலையைக் கட்டுவார்கள், மாராயி பரிசலை எடுத்துக்கொண்டு ஓடுவாள். போன ஆடியில் பாவாயிக்காக அந்தச் சேலை ஏறியது. மாராயி இக்கரையில் நின்று பார்த்தாள். மூன்று நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் சேலையை அவிழ்த்துவிட்டு வெள்ளைத்துணி கட்டினார்கள். பிள்ளை போய்விட்டது என்று அதற்கு அர்த்தம்.

மாசி மாதம் மாராயி தங்கையைப் பார்க்கப் போனாள். பாவாயி அடுப்படியில் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

“அக்கா, மறுபடியும் நாலு மாசம்.”

“நாள் எப்ப ஆகும்?”

“ஆடியில.”

மாராயி தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இப்பவே கிளம்பி நம்ம வீட்டுக்கு வந்துரு கண்ணு.”

“மாசமா இருக்கறவ ஆத்தத் தாண்டக்கூடாதாம். எங்க அத்தை ஒத்துக்க மாட்டாங்க.”

“அப்ப நான் ஆடிக்கு முன்னாலயே இங்க வந்து தங்கிக்கறேன்.”

“உங்க கரையில மாசமா இருக்கற ரெண்டு பேரு உன்னை நம்பி இருக்காங்களே. அவங்கள என்ன பண்ணுவ?” பாவாயி புடவைத் தலைப்பைத் திருகினாள். “போன வருசம் நீ கரையில நின்னது எனக்குத் தெரிஞ்சுது. சன்னல் வழியாப் பார்த்துட்டேதான் கெடந்தேன். என்னைக் கூப்பிட்டியா?”

“தொண்டை கிழியக் கூப்பிட்டேன்.”

“கேக்கவே இல்லக்கா.”

மாராயி எழுந்து நின்றாள். “இந்த ஆடிக்கு வருவேன்” என்றாள்.

“எப்படி வருவ?”

“தெரியாது. வருவேன்.”

திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனைதான். வெள்ளத்தை அவள் குறைக்க முடியாது. அருவியின் வாயை அடைக்க முடியாது. சொல்லாமலே கை வேலை செய்தால் ஒழிய வேறு வழி இல்லை. ஆடிக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

மறுநாள் விடிந்ததும், கரையோரம் நீர் அசையாமல் கிடக்கும் மடுவில் பரிசலை இறக்கினாள். துடுப்பை எடுத்து மடியில் வைத்துவிட்டு, ஒரு கை ஆற்றுநீரை அள்ளி வாய் நிறைய அடக்கிக்கொண்டாள், நாக்கு அசையவே இடமில்லை.

“என்ன பண்ணட்டும்?” என்று கேட்டது கை.

மாராயி பதில் சொல்லவில்லை. வாயில் நீர். கை காத்திருந்தது, பொழுது ஏறியது. கடைசியில் அதுவாகத் தட்டுத் தடுமாறித் துடுப்பை நட்டது. இழுத்தது. திருப்ப மறந்தது. பரிசல் சுற்றத் தொடங்கியது.

பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த நீர்நாய் எழுந்து உட்கார்ந்து எண்ணியது. “பதினேழு சுத்து! செக்குமாடுகூட இத்தனை சுத்தாது.”

துணி துவைக்க வந்த சடையனுக்கும் வேடிக்கை. அவனும் பரிசல்காரன்தான். “என்ன மாராயக்கா, வாயில கொழுக்கட்டையா?” என்று கத்தினான். மாராயி அவன் பக்கம் திரும்பவே இல்லை. அன்று முழுக்க அவள் பத்தடி தூரம்கூடப் போகவில்லை. தலை சுற்றிக் கரையில் வந்து விழுந்தாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். ஆள் ஏற்றும் நேரம் போக மீதி நேரமெல்லாம் வாயில் நீரோடு மடுவில்தான் கிடந்தாள். பங்குனி பாதி போய்விட்டது. சுற்று பதினேழிலிருந்து ஒன்பதுக்கு வந்தது, மறுபடி பன்னிரண்டுக்குப் போனது. ஒரு சாயங்காலம் ஒன்றுமே சரியாக வரவில்லை. துடுப்பைத் தூக்கி எறிந்தாள், வாயிலிருந்த நீரைத் துப்பிவிட்டு வாய்விட்டு அழுதாள். “நான்தான் அப்பவே சொன்னேனே” என்றது நாக்கு. அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காலையில் பரிசலில் உட்கார்ந்து நீரை அடக்கியதுதான் தாமதம், கை துடுப்பை நட்டது, இழுத்தது, நுனியைத் திருப்பியது. பரிசல் அம்பு மாதிரி நேரே போனது.

அன்று கரைக்கு வந்ததும் நாக்கு கையைப் பிடித்துக்கொண்டது. “ராத்திரி உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?”

“யாரும் சொல்லல” என்றது கை. “நேத்து சுத்தின சுத்தெல்லாம் தோள்பட்டையில தங்கிருச்சு. தூங்கி எழுந்ததும் தானா வந்துச்சு.”

நாக்குக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

மாராயிக்கு அது போதவில்லை. நீர்நாயும் சும்மா இருக்கவில்லை. “மடுவுல பழகினா மடுவுக்குத்தான் ஆகும். ஆடித்தண்ணி இப்படியா தூங்கிக்கிட்டு இருக்கும்?” என்றது. கேலியாகச் சொன்னதோ அக்கறையாகச் சொன்னதோ, சொன்னது நியாயம். சித்திரையில் அவள் பாறைகளுக்கு நடுவே நீர் இழுக்கிற இடத்துக்குப் போனாள். அங்கே கை மறுபடி குழம்பியது, மறுபடி சுற்றியது, மறுபடி தேறியது. பரிசலில் கல்லை ஏற்றிக்கொண்டு ஓட்டினாள். எதிர்க்காற்றில் ஓட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிப் பாறையில் மோதி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். உள்ளங்கை கொப்புளம் உடைந்து காய்த்துப் போனது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஆனால் எறும்புக்கு எவ்வளவு கால் வலித்திருக்கும் என்று யாரும் சொல்வதில்லை.

வைகாசியில் ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். எழுந்ததும் அவளுக்கு இருந்த ஒரே பயம், கை எல்லாவற்றையும் மறந்திருக்குமே என்பதுதான். நடக்கத் தெம்பில்லாமல் தவழ்ந்தே கரைக்குப் போனாள். முதல் நாலு இழுப்புத் தடுமாறியது. ஐந்தாவது இழுப்பில் கை தன் வழிக்கு வந்துவிட்டது. மாராயி துடுப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆடி பிறந்தது. இக்கரையில் இருந்த இரண்டு பேருக்கும் நல்லபடியாகப் பேறு பார்த்து முடித்தாள். பத்தாம் நாள் காலை, மருதமரத்தில் சிவப்புச் சேலை ஏறியது.

ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. மாராயி கவிழ்த்து வைத்திருந்த பரிசலை நிமிர்த்தித் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தாள். சடையன் குறுக்கே வந்து நின்றான். இந்தத் தடவை அவன் முகத்தில் கேலி இல்லை.

“அக்கா, வேண்டாம். ஆடிக் காத்துல அம்மியே பறக்குது, உன் பரிசல் எந்த மூலைக்கு? பாவாயி ஒருத்தி போறது போதாதா, நீயும் போகணுமா?”

அவள் அவன் கன்னத்தைத் தொட்டுவிட்டு விலக்கினாள். குனிந்து ஒரு கை நீரை அள்ளி வாயில் அடக்கிக்கொண்டு ஏறினாள்.

கரையை விட்டதும் அருவியின் இரைச்சல் உலகத்தையே மூடிக்கொண்டது. கை நட்டது, இழுத்தது, திருப்பியது. நீர் இடது பக்கம் இழுத்தால் வலது பக்கம் போட்டது. மரக்கிளை ஒன்று உருண்டு வந்தபோது அவள் நினைப்பதற்கு முன்னமே பரிசலை ஒதுக்கிவிட்டது. ஐந்து மாதத்துச் சுற்றெல்லாம் அன்று அவளுக்கு உதவிக்கு வந்தது.

ஆற்றின் நடுவே யானை படுத்த மாதிரி ஒரு பாறை உண்டு. எத்தனை வெள்ளத்திலும் அதன் மறைவில் நீர் அடங்கிக் கிடக்கும், இரைச்சலும் குறையும். பரிசல் அந்த மறைவுக்குள் நுழைந்தது. பாதி ஆறு தாண்டியாயிற்று. மாராயி தன்னை மறந்து “அப்பாடா” என்றாள்.

அவ்வளவுதான், வாயிலிருந்த நீர் கொட்டிப் போனது. ஐந்து மாதம் அடைபட்டுக் கிடந்த நாக்கு துள்ளி எழுந்தது. “ஐயோ, செத்தோம்! நடு! இல்ல, இழு! மணிக்கட்டைப் பாரு! விரலைப் பாரு! நல்லாப் பிடி! திருப்பு, திருப்பு!”

கைக்குப் பழைய மரியாதை விடவில்லை. மணிக்கட்டைப் பார்த்தது, விரலைப் பார்த்தது, எப்படித் திருப்பினோம் என்று யோசித்தது. யோசித்ததும் எல்லாம் மறந்து நின்றது. பரிசல் சுற்றிக்கொண்டே பாறை மறைவை விட்டு வெளியே வழுக்கி, அருவியைப் பார்த்து ஓடத் தொடங்கியது.

நீர் அள்ள நேரமில்லை. சொல்லி அடக்கவும் நேரமில்லை. மாராயி நாக்கை வெளியே நீட்டி, பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்தாள். ரத்தம் மோவாயில் வழிந்தது. நாக்கு வலியில் துடித்தது, ஆனால் ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை. கை ஒருகணம் காத்துப் பார்த்தது. உத்தரவு வரவில்லை. சரி என்று தானே துடுப்பை ஆழமாக நட்டது, இழுத்தது, நுனியைத் திருப்பியது. பரிசல் சுற்றுவது நின்றது. அருவியின் சாரல் முதுகில் அடிக்க, ஒவ்வொரு இழுப்பாக அது அக்கரையைப் பார்த்து ஏறியது. மருதமரத்து வேரை அவள் எட்டிப் பிடித்தபோதும் பல் நாக்கை விடவில்லை.

பாவாயி கண்ணை மூடிக் கிடந்தாள். மாராயி கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். எத்தனையோ பேறு பார்த்த கை, சொல்லாமலே வேலையைத் தொடங்கியது. வாய்க்கு வேலை இல்லை. அப்போதுதான் மாராயிக்கு உறைத்தது: இத்தனை வருடமாகப் பிள்ளை பெறுகிற ஒருத்தியிடமும் அவள் ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னதில்லை. நாக்கு எந்நேரமும் கையோடுதான் பேசிக்கொண்டிருந்தது.

“கண்ணு, நான் வந்துட்டேன்” என்றாள். நாக்கு வீங்கி இருந்ததால் குழந்தை பேசுவது மாதிரி வந்தது. “பயப்படாத. நான் இங்கயேதான் இருக்கேன்.”

பாவாயி கண்ணைத் திறந்தாள். “கேக்குதுக்கா” என்றாள்.

உச்சிவேளைக்குப் பெண்பிள்ளை பிறந்தது, பிறந்ததுமே ஊரைக் கூட்டியது.

எல்லாம் அடங்கியபிறகு நாக்கு மெதுவாகப் பேசியது. “பழகின வேலையில இனிமே நான் தலையிட மாட்டேன். ஆனா கை புதுசா ஏதாவது வேலையத் தொட்டா எனக்கு இருப்புக் கொள்ளாதே. என்ன பண்ணுதுன்னு பார்க்காம எப்படி இருக்கறது?”

“வெளிய வந்து பார்த்துக்க” என்றாள் மாராயி. “ஆனா பேசக்கூடாது. பேசினா பல்லு இருக்கு.”

நாக்கு ஒத்துக்கொண்டது.

அன்று முதல்தான், ஊசியில் நூல் கோக்கும்போதும், சிலேட்டில் முதல் எழுத்தைச் சுழிக்கும்போதும், புதிதாக எதைப் பழகும்போதும் நம் நாக்கு உதட்டோரமாக எட்டிப் பார்க்கிறது. பேசிவிடாமல் பல் அதை மெல்லக் கடித்துப் பிடித்துக்கொள்கிறது. கை தேறிவிட்டது என்று தெரிந்ததும் நாக்கு சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறது.