கழுத்தில் வெண்பொட்டு

குளத்தங்கரைக் காட்டில் ஓர் அணில் இருந்தது. நுணாச் செடியில் இலையைச் சுருட்டிக் குடியிருக்கும் புழுக்களை இலையோடு கிள்ளிவந்து தன் பொந்தில் வளர்ப்பது அதன் பழக்கம். "இது பழுப்பு அந்துப்பூச்சி ஆகும், அது மஞ்சள் அந்துப்பூச்சி ஆகும்" என்று முன்கூட்டியே சொல்லும். சொன்னது பலித்துவிட்டால் போதும், தலைகால் புரியாது அதற்கு!

ஒருநாள் சுருட்டை என்ற குட்டிப் புழுவைக் கொண்டுவந்தது. அதன் கழுத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது.

"அடடா! இப்படி ஒண்ணை யாருமே பார்த்ததில்லை. இது வெண்பொட்டு அந்துப்பூச்சி. பேர் வச்சது நான்!" என்று காடு முழுக்கத் தம்பட்டம் அடித்தது.

ஓணான் எட்டிப் பார்த்தது. "அணிலாரே, அது பொட்டு இல்லை, முட்டைக் குவியல்! இந்தப் பக்கம் குளவி சுத்துறதைப் பார்த்தேன். நகத்தால சுரண்டி எறிஞ்சிடுங்க!"

"சுரண்டவா? அடையாளமே அதுதானே! உனக்குத் தலையாட்ட மட்டும்தான் தெரியும், போ போ!"

சில நாளில் சுருட்டை முனகியது. "அண்ணே, எனக்குள்ள யாரோ நடக்கிறாங்க."

"பசியா இருக்கும். தின்னு!"

தின்றது. கொழுத்தது. மறுபடியும் அழுதது. "நான் தின்கிறது எனக்குச் சேரலைண்ணே. உள்ளே இருக்கிறவங்க தின்கிறாங்க. ஓணானைக் கூப்பிடுங்க, பயமா இருக்கு!"

"நீ பூச்சியா வெளியே வர்றதைப் பார்க்க ஊரையே கூப்பிட்டிருக்கேன், மானத்தை வாங்காதே! இறக்கை முளைக்கும்போது அப்படித்தான் இருக்கும்."

மற்ற புழுக்கள் தங்கள் சுருளுக்குள் மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தன. சுருட்டை இலையின் வாயை நூலால் கட்டி மூடிக்கொண்டது. அப்புறம் பேசவே இல்லை.

குறித்த நாளில் கூட்டம் கூடியது.

"சுருட்டை, வெளியே வாப்பா!" என்றது அணில்.

"இதோ வர்றோம்!"

குரல் சுருட்டையுடையதுதான். ஆனால் பல வாய்கள் சேர்ந்து சொன்னது போல் இருந்தது.

இலை கிழிந்தது. கறுப்புக் குளவிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஈர இறக்கையை உதறிவிட்டுப் பறந்தன. உள்ளே சுருட்டையின் தோல் மட்டும் கிடந்தது.

"குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவி ஆகும்னு சொல்வாங்களே, அதுவா?" என்று தவளை நடுங்கியது.

"ஆகலை. தின்னுட்டாங்க" என்றது ஓணான்.

அணில் அந்த வெறும் தோலைக் கையில் எடுத்தது. ஐயோ, எவ்வளவு கெஞ்சியது அந்தப் பிள்ளை!

அப்போது பொந்தின் மூலையிலிருந்து மெல்லிய குரல்கள் கேட்டன. "அண்ணே, எங்க கழுத்திலயும் பொட்டு வந்திடுச்சுன்னு முந்தாநாள் குதிச்சீங்களே..."

அணில் பாய்ந்துபோய் ஒவ்வொரு கழுத்தையும் சுரண்டியது. பொட்டுகள் எளிதாக உதிர்ந்தன. உதிர்ந்தவை எல்லாம் வெறும் ஓடு. குடியிருந்தவை ஏற்கெனவே உள்ளே போயிருந்தன.

தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றத் துடிப்பவன், தன்னை நம்பிய உயிரைப் பறிகொடுப்பான்.