நானூற்றெட்டு வெற்றுப் புள்ளிகள்

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் தஸ்லிமா. திருச்சியில் ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்குக் கீழே மானிட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். சீடருக்கு ஐம்பத்தாறு. பெயர் வேதமாணிக்கம். இருபத்தாறு வருடம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக ஊரைச் சுற்றியவர்.

பேச்சை நிறுத்தினால் எதிரே இருப்பவர் "யோசிச்சு சொல்றேன்" என்று எழுந்துவிடுவார் என்பது ஏஜெண்ட் தொழிலில் அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. அதனால் அவர் நிறுத்துவதே இல்லை. மூச்சு வாங்க வேண்டியிருந்தால், பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல, "அதாவது..." என்று ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் மூச்சு வாங்குவார்.

தொழில் கற்க வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டரை வேலை வாங்கும் ஸ்கிரிப்ட் எழுதும் வித்தை நன்றாகவே பிடிபட்டிருந்தது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அன்று காலை பத்து மணிக்கு நர்ஸ் புஷ்பலதா வந்தாள். துறையூர்ப் பக்கத்திலிருந்து மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்திருந்தாள். அவள் வேலை செய்யும் ஸ்கேன் சென்டரில் இருப்பதே அந்த ஒரு மானிட்டர்தான். இடி இடித்த நாளிலிருந்து அதில் படம் பாதி வெட்டுப்பட்டு வந்துகொண்டிருந்தது.

"சாயங்காலம் பதினோரு பேர் ஸ்கேனுக்கு வர்றாங்க அக்கா. எல்லாம் மாசமா இருக்கிறவங்க. மூணேகால் பஸ்ஸை விட்டா நான் போய்ச் சேர முடியாது. அப்புறம் அவங்களை எல்லாம் பெரம்பலூருக்கு அனுப்பணும். அந்த ரோட்டுல எட்டு மாசக்காரி எப்படிப் போய் வருவா?"

"மூணு மணிக்குள்ள ஆயிடும்மா," என்றார் வேதமாணிக்கம். அவரை யாரும் கேட்கவில்லை.

தஸ்லிமா கேபிளைச் சொருகிப் பார்த்தாள். ஒவ்வொரு மானிட்டரும் தனக்குள் நூற்றிருபத்தெட்டு எண்களை வைத்திருக்கும். படத்தை என்ன அளவில், என்ன வேகத்தில் அனுப்ப வேண்டும் என்று கம்ப்யூட்டர் அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளும். இந்த மானிட்டரில் அவற்றில் ஒன்று கெட்டிருந்தது.

"ஒரே ஒரு எண்தான் சார். அதை மட்டும் மாத்தி எழுதிடுங்க."

வேதமாணிக்கம் தன் ஸ்கிரிப்டை ஓடவிட்டார். எண்களெல்லாம் பிரிந்து, எது எதற்கான கணக்கு என்று வரிவரியாகத் திரையில் வந்தன. படித்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேடம், இந்த அநியாயத்தைப் பாத்தீங்களா? ஒரு வரிக்கு ஆயிரத்து அறுநூத்தி எம்பத்தெட்டு புள்ளி போகுது. திரையில தெரியுறது ஆயிரத்து இருநூத்தி எம்பதுதான். மீதி நானூத்தெட்டுல ஒண்ணுமே வரையல. வெத்தாப் போகுது!"

"சார், அந்த நானூத்தெட்டு..."

"இருங்க மேடம், முடிச்சிடறேன். அடியிலயும் நாப்பத்திரெண்டு வரி வெத்து. செகண்டுக்கு அறுபது தடவை இந்த வீண். இதை எடுத்துட்டா அதே நேரத்துல எம்பத்திரெண்டு படம் காட்டலாம். வயித்துக்குள்ள குழந்தை அசையுறது டாக்டருக்கு எவ்வளவு தெளிவாத் தெரியும், சொல்லுங்க!"

"சொல்றேன் சார். அது வந்து..."

"அதாவது..." என்றார் அவர். சொல்லிக்கொண்டே என்டரைத் தட்டினார்.

திரை கறுத்தது.

புஷ்பலதா எழுந்து நின்றாள். வேதமாணிக்கம் அவளைக் கையமர்த்தினார். மற்ற எண்களின் கூட்டலைச் சரிபார்க்க வைத்திருக்கும் கடைசி எண் தப்பாக இருக்கும் என்றார். அதைச் சரிபார்த்தார். கூட்டல் சரியாகவே இருந்தது. பிறகு நானூற்றெட்டுக்குப் பதில் இருபது கொடுத்துப் பார்த்தார். நூறு கொடுத்துப் பார்த்தார். வெற்றுக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்றிருந்த சின்னக் கணக்குகளையும் கலைத்துப் பார்த்தார். மானிட்டர் எதற்கும் அசையவில்லை. கறுப்பென்றால் கறுப்புதான்.

ஒவ்வொரு முறையும் தஸ்லிமா "சார்..." என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறையும் அவர் அடுத்த காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மணி இரண்டாயிற்று. புஷ்பலதா டிபன் டப்பாவைத் திறந்து, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் மூடினாள். அவளுடைய செல்போன் அடித்தது. "ஆகுது டாக்டர், ஆயிட்டிருக்கு டாக்டர்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

வேதமாணிக்கத்துக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. குருவைப் பார்த்தால் இன்னும் எரிந்தது. அவரும் இருபத்தாறு வருடம் ஆயிரம் பேருக்கு விளக்கம் சொன்னவர். தெரியாதவனுக்குப் புரியும்வரை விடமாட்டார். இந்தப் பெண்ணோ பாதி வார்த்தை சொல்லிவிட்டு மீதியை விழுங்கிக்கொள்கிறாள். இவளும் ஒரு குருவா?

"வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்க மேடம்! ஆறு மாசமா நானும் பாக்குறேன். நீங்க சொல்லிக்குடுத்தது ஒரு நோட்டுல கால்வாசி தேறாது. ஒரு வார்த்தை சொல்றீங்க, உடனே சும்மா இருக்கீங்க. அந்தச் சும்மா இருக்கிற நேரத்துல பத்து விஷயம் சொல்லிக்குடுக்கலாமே!"

தஸ்லிமா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"மானிட்டர்லேர்ந்து முதல்ல எடுத்த பழைய ஃபைலைப் போடுங்க சார்."

"அது வந்து... என் ஸ்கிரிப்ட் அதே பேர்லயே சேமிச்சிடும் மேடம். தனித்தனியா ரெண்டு ஃபைல் எதுக்கு, இடம் வீண்தானேன்னு..."

"காப்பி எடுத்து வெக்கலையா?"

வேதமாணிக்கம் கீபோர்டில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"என்ன சார் நீங்க!" தஸ்லிமா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு காலைலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்காம உக்காந்திருக்கு. ஒரு எண்ணை மாத்தச் சொன்னேன். ஒரு எண்ணு!"

இழுப்பறையைத் துழாவி ஒரு பழைய நோட்டை எடுத்தாள். இதே மாடல் மானிட்டர் ஒன்றின் கணக்கை எப்போதோ அதில் குறித்துவைத்திருந்தாள். படத்தின் அளவுக்கும் வேகத்துக்கும் மட்டும் அதில் பதினெட்டு எண்கள்.

"எழுதிக்குங்க."

வேதமாணிக்கம் சட்டைப்பையிலிருந்து தன் பழைய ஏஜெண்ட் டைரியை எடுத்தார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பேனாவைத் திறந்தார்.

தஸ்லிமா நோட்டைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள்.

"நாப்பத்தெட்டு நாப்பத்திரெண்டு சைபர் நூத்தி அம்பத்திரெண்டு எம்பத்தொண்ணு சைபர் நாப்பத்திரெண்டு அறுபத்துநாலு நாப்பத்தெட்டு நூத்திப் பன்னெண்டு..."

"மேடம், மேடம்!"

"...பத்தொம்பது சைபர் நூத்தி இருபது நாப்பத்தஞ்சு பதினேழு சைபர் சைபர் முப்பது. அவ்வளவுதான்."

டைரியில் ஐந்து எண்கள் இருந்தன. ஆறாவதாக ஒரு கிறுக்கல்.

"மறுபடி சொல்லுங்க மேடம்."

சொன்னாள். முன்பைவிட வேகமாகச் சொன்னாள். இந்த முறையும் ஐந்துதான் தேறியது. புஷ்பலதா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு இருபது.

வேதமாணிக்கம் பேனாவை மேஜைமேல் போட்டார்.

"இப்படிச் சொன்னா எந்த மனுஷன் மேடம் எழுதுவான்? அஞ்சு எண்ணுல வரி முடிஞ்சிடுது. கையைத் தூக்கி அடுத்த வரி ஆரம்பத்துக்குக் கொண்டுபோக வேண்டாமா? அதுக்குள்ள நீங்க பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போனா?"

"கையைக் கொண்டுபோற நேரத்துல பேனா ஏதாவது எழுதுதா சார்?"

"அப்ப எப்படி எழுதும்?"

"அப்ப வெத்தாத்தானே போகுது? அதுல இன்னும் ரெண்டு எண்ணு சொல்லலாமே."

வேதமாணிக்கம் பதில் சொல்ல வாயெடுத்தார். வாய் அப்படியே நின்றது. டைரியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். கறுத்துக் கிடந்த மானிட்டரின் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

தஸ்லிமா மறுபடி படித்தாள். ஐந்து எண்கள் சொன்னாள். நிறுத்தினாள். அவர் கை இடது ஓரத்துக்குத் திரும்பி வந்தது. அடுத்த ஐந்தைச் சொன்னாள். நிறுத்தினாள். பதினெட்டும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன.

அவர் எண்களை உள்ளே போட்டார். கடைசிக் கூட்டலைச் சரிசெய்தார். இந்த முறை ஃபைலுக்கு வேறு பெயர் கொடுத்தார். மானிட்டரில் எழுதினார்.

படம் வந்தது. நான்கு ஓரமும் முழுசாக, செகண்டுக்கு அதே அறுபதில் நின்றது.

"அக்கா, வந்துடுச்சு!" புஷ்பலதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மானிட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டாள். டாக்டருக்குச் சொல்லிக்கொண்டே ஆட்டோவுக்கு ஓடினாள். மூன்றேகால் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரத்துக்குமேல் இருந்தது.

கடை அமைதியானது. வேதமாணிக்கத்தால் அதைத் தாங்க முடியவில்லை.

"சரி மேடம், என் தப்புதான், ஒத்துக்குறேன். காப்பி எடுக்காததும் தப்பு. ஆனா நீங்களும் யோசிச்சுப் பாருங்க, அந்த நானூத்தெட்டு மானிட்டர் அடுத்த வரிக்குத் திரும்புற நேரம்னு காலைலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் அதுல கைவெக்கப் போறேன்? அந்தப் பொண்ணு சாப்பிட்டிருக்கும், நீங்க சாப்பிட்டிருப்பீங்க, என் மானமும் போயிருக்காது. சொல்லிக்குடுக்கிறவங்க சொல்லாம இருந்தா கத்துக்கிறவன் என்னதான் பண்ணுவான்? ஏன் மேடம் சொல்லல? அதாவது, நான் என்ன கேக்குறேன்னா, நம்ம மேல ஏதாவது கோவமா, இல்ல இவனுக்கெல்லாம் எங்க புரியப்போகுதுன்னு ஒரு..."

தஸ்லிமா காத்திருந்தாள். அவர் மூச்சு வாங்கினார்.

"பத்து மணிக்குச் சொல்ல வாயைத் திறந்தேன் சார். உங்க பேச்சுல எந்த இடத்துல நுழையறதுன்னு இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன்."

வேதமாணிக்கத்தின் நாக்கு நுனிவரை 'அதாவது' வந்தது. அவர் அதைச் சொல்லவில்லை.