திராட்சைக்குப் போட்ட கும்பிடு

கம்பத்துப் பன்னீர்த் திராட்சையை ஒயினுக்கு விலை பேச வந்தார் ஆலை முதலாளி சிதம்பரநாதன். ஆள் நெட்டை, கர்வம் அதைவிட நெட்டை.

“நாசிக்கிலும் நந்தி மலையிலும் எல்லாரும் என்னைக் கும்பிட்டுத்தான் விற்பாங்க. இங்கே உன் கொடியே என்னைக் கும்பிடணும். இல்லேன்னா வாங்கமாட்டேன்” என்றார்.

அவர் வாங்காவிட்டால் பழுத்த குலையெல்லாம் அழுகிப்போகுமே!

தோட்டக்காரி வீருசின்னம்மாள் சிரித்தாள். “கும்பிடெல்லாம் பந்தலுக்குள்ளேதான். வாங்கய்யா.”

பந்தல் தாழ்வு. முதலாளி அடிக்கு அடி குனிந்தே போனார். அவள் முதல் குலையை அறுத்து அவர் கையில் வைத்தாள்.

“கொடியைக் கும்பிட்டு வர்றவருக்குத்தான் முதல் குலை. அது எங்க வழக்கம். வழிநெடுகக் கும்பிட்டீங்க, ரொம்ப நன்றிங்கய்யா!”

அறுப்புக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒரு பழத்தை வாயில் போட்ட முதலாளி, மொத்தத்தையும் வண்டியில் ஏற்றச் சொன்னார்.

அடுத்த அறுப்புக்கு வந்தவர், பந்தலே இல்லாத வாசலில் குனிந்தார்.