பிரேக்கில் தடவிய கிரீஸ்

"என் காலுல சத்து இல்லீங்க அம்மிணி. இந்த சைக்கிள் டிரெயினரை யாருக்காவது வித்துப்போடலாம்னு இருக்கேன்" என்றார் நாச்சிமுத்து.

நிலோஃபர் அவர் காலைப் பார்க்கவில்லை. திரையில் அவர் மிதித்த ரேஸின் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தொரு வயது. கோவை கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நிலோஃபருக்கு இருபத்தெட்டு. சாயிபாபா காலனியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்த இடத்திலேயே சைக்கிள் ரேஸ் ஓட்டச் சொல்லித் தருகிறாள். நாச்சிமுத்துவும் தன் டிரெயினரைக் கொண்டுவந்து அங்கேதான் போட்டிருந்தார். பக்கத்து டிரெயினர் என்னுடையது, அதனால் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொண்டா பெடல் மிதிக்க முடியும்?

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை டிரெயினரில் மாட்டுவார்கள். எதிரே ஒரு திரை, அதில் ஒரு ரோடு, ரோட்டில் நம் பேரில் ஒரு பொம்மை. நாம் மிதித்தால் அது ஓடும். அவரவர் வீட்டில் மிதிக்கிறவர்களின் பொம்மைகளும் அதே ரோட்டில் ஓடும். வேர்வை மட்டும் நிஜமாகவே கொட்டும். துண்டு கொண்டுவராதவரை நிலோஃபர் உள்ளேயே விடமாட்டாள்.

சேர்ந்த அன்று, ரேஸ் ஓடுகிற போன் ஆப்பில் தன் எடையை எழுபது கிலோ என்று போட்டார் நாச்சிமுத்து. எடை குறைந்தால் மேட்டில் பொம்மை வேகமாக ஏறும். புதிதாக வருகிறவர்கள் பாதிப் பேர் செய்கிற திருட்டுத்தனம்தான், நானும் செய்திருக்கிறேன்.

நிலோஃபர் எடை மெஷினைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

எண்பத்துமூன்று. அசடு வழிந்துகொண்டே மாற்றினார்.

பேரும் அவருடையது இல்லை, கோவை குமார் என்று போட்டிருந்தார். அதைக் கேட்டதற்கு, அது இருக்கட்டும் அம்மிணி என்றார். சரி, இருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு ரேஸ். அவருடைய பழைய சைக்கிள் கூட்டாளிகள் பன்னிரண்டு பேர் செவ்வாய்தோறும் காலை ஆறு மணிக்கு ஆப்பில் ஓட்டுவது. அவர்களோடு ஒரு தடவையாவது கடைசி வரைக்கும் கூடவே போய்ச் சேர வேண்டும். ஜெயிக்கவெல்லாம் வேண்டாம் என்றார்.

முதல் செவ்வாய், கடிகாரம் பூஜ்யத்துக்கு வரட்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்தார். பூஜ்யம் வந்தபோது எல்லோரும் பறந்துவிட்டார்கள். இந்த ரேஸில் மணி அடிப்பதற்கு முன்பே மிதித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நிலோஃபர் சொல்லித் தந்தாள். அதைக் கற்றுக்கொண்டார்.

இரண்டாவது செவ்வாய் சரியாகக் கிளம்பினார். ஐந்தாவது நிமிஷத்தில் கூட்டம் அவரை விட்டுவிட்டுப் போயிற்று. மூன்றாவது செவ்வாயும் அதே கதைதான்.

கூட்டத்தை விட்டால் அவ்வளவுதான். அந்தப் பொம்மை ரோட்டிலும் எதிர்காற்று உண்டு. அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால் லேசாக இருக்கும். தனியாக மாட்டிக்கொண்டால் நாக்கு தள்ளிவிடும்.

அதற்கப்புறம்தான் காலில் சத்தில்லை, விற்றுவிடலாம் என்ற பேச்சு.

வரைபடத்தைப் பார்த்து முடித்த நிலோஃபர், "இன்னும் ஒரு செவ்வாய் வாங்கண்ணா. அப்புறம் வித்துக்கலாம்" என்றாள்.

அடுத்த செவ்வாய் அவர் வருவதற்கு முன்னால், செயினுக்குப் போடுகிற கருப்பு கிரீஸை ஒரு விரலில் எடுத்தாள். அவருடைய சைக்கிளின் இரண்டு பிரேக் பிடிகளிலும் உள்பக்கமாகத் தடவினாள். பிரேக் பிடித்தால் மட்டும் விரல் படுகிற இடம் அது. நான் பார்ப்பதைப் பார்த்து, பேசாதே என்று கண்ணைக் காட்டினாள்.

நாச்சிமுத்து வந்தார், ஓட்டினார். ஐந்தாவது நிமிஷத்தில் கூட்டம் போய்விட்டது. இறங்கி முகம் துடைத்தார். வெள்ளைத் துண்டெல்லாம் கருப்பு.

"இதென்னங்க அம்மிணி?"

"பிரேக்குல கிரீஸ் தடவி வெச்சிருந்தேன்."

"நான் பிரேக்கைத் தொடவே இல்லீங்களே."

சொல்லிவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தார்.

பின்சக்கரமே இல்லாத வண்டியில் பிரேக் பிடித்த மனுஷனை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

நிலோஃபர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். கை பிரேக்குக்குப் போகிற போதெல்லாம் காலும் நின்றிருந்தது. அவர் மிதித்த பலத்தைக் காட்டுகிற கோடு ஒன்பது இடத்தில் தரையைத் தொட்டிருந்தது. ஒன்பது தடவையும் அவருக்கு முன்னால் போனவர் ஒரே ஆள். பேர் சம்பத்.

"உங்க கால் நல்லாத்தான் இருக்குண்ணா. யாரு இந்த சம்பத்?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போன வருஷம் சிறுவாணி ரோட்டில் நிஜ சைக்கிளில் போயிருக்கிறார்கள். சம்பத் முன்னால், இவர் ஒரு ஜாண் பின்னால். இவருடைய முன்சக்கரம் சம்பத்தின் பின்சக்கரத்தில் இடித்தது. சம்பத் விழுந்தார், அவர் மேல் இவர் விழுந்தார். இவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. சம்பத்துக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்து பிளேட் வைத்தார்கள். சம்பத் தானாகத்தான் விழுந்தார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போய் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்து, அப்போதும் சொல்லாமல் திரும்பிவிட்டார். அப்புறம் முட்டி வலி என்று சொல்லி ஓட்டப் போவதையே நிறுத்திவிட்டார். சம்பத் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

"முப்பது வருஷ சினேகிதமுங்க. சொன்னா மூஞ்சியில முழிக்க மாட்டான். சொல்லாம என்னாலயும் அவன் மூஞ்சியில முழிக்க முடியல."

போனதை விடுங்கள் என்று நிலோஃபர் சொல்லவில்லை. சொல்லிவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் இரண்டு பிரேக்கையும் துடைத்தாள்.

"அடுத்த செவ்வாய் அவர் பின்னாடியே போங்க. நகராதீங்க."

"இடிச்சுட்டா?"

"இடிங்க."

அந்த ஒரு வாரம் மனுஷன் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். செவ்வாய் வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது.

மணி ஆறு, கிளம்பினார்கள். சம்பத்தின் பொம்மைக்குப் பின்னால் அவருடைய பொம்மை. நிலோஃபர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எட்டாவது நிமிஷம் ஒரு மேடு வந்தது. சம்பத்தின் வேகம் குறைந்தது. நாச்சிமுத்துவின் விரல்கள் பிரேக்குக்குப் போய், தொடாமல் நின்றன. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கால் நிற்கவில்லை.

அவருடைய பொம்மை சம்பத்தின் பொம்மைக்குள் நுழைந்து முன்பக்கமாக வெளியே வந்தது. அந்த ஆப்பில் அப்படித்தான், யாரும் யாரையும் தள்ள முடியாது.

கண்ணைத் திறந்தார். சம்பத் பாட்டுக்கு மிதித்துக்கொண்டு வந்தார்.

"அவன் விழலீங்க" என்றார்.

அழுதார். ஐம்பத்தொரு வயசு ஆள், மிதித்துக்கொண்டே தேம்பித் தேம்பி அழுதார். நிலோஃபர் ஃபேனை இன்னும் கிட்ட நகர்த்தி வைத்தாள்.

அன்றைக்குக் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்ச் சேர்ந்தார். பதின்மூன்று பேரில் ஏழாவது. எனக்குத் தலைகால் புரியவில்லை, என் ரேஸை விட்டுவிட்டுக் கை தட்டினேன்.

"என்னண்ணா, வித்துடலாமா?" என்றாள் நிலோஃபர்.

அவர் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் மூச்சு வாங்கினார்.

"பொம்மை விழலீங்க அம்மிணி. ஆனா அவன் விழுந்தானே."

அவள் அவருடைய போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

கை ஈரத்தில் போனைக் காதில் பிடிக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் சம்பத்துக்கும் இன்னும் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் நம்பர் கிடைத்ததா என்று நக்கலடித்தார்.

"இன்னிக்கு உன் பின்னாடியே ஒருத்தன் ஒட்டிட்டு வந்தானே, கோவை குமார்னு, அது நான்தான்டா" என்றார் நாச்சிமுத்து. "சிறுவாணி ரோட்டுல உன்னை இடிச்சதும் நான்தான்."

நான் மிதிப்பதை நிறுத்திவிட்டேன்.

"அப்ப அந்தக் குழி?" என்றார் சம்பத்.

"எந்தக் குழி?"

"நான் விழுந்த எடத்துல இருந்துச்சேடா ஒரு குழி. அதுலதான் சக்கரத்தை விட்டுட்டேன்னு நெனச்சு, அதை மூடச் சொல்லி எட்டு மாசமா மனு மேல மனு போட்டேன். நாலு தடவை நேர்ல போய் சண்டை போட்டேன்."

"மூடிட்டாங்களா?"

"போன மாசம் மூடிட்டாங்க."

அதற்கப்புறம் சம்பத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. இடித்ததற்காகத் திட்டியது கொஞ்சம்தான். பிளேட் வைத்துப் படுத்துக் கிடந்தவனை ஒரு தடவை பார்த்ததோடு சரி, அப்புறம் ஒரு வருஷம் எட்டிப் பார்க்காமல் இருந்ததற்குத்தான் அத்தனையும். நாச்சிமுத்து ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றார்.

திட்டி ஓய்ந்ததும், ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு காந்தி பார்க் வந்துவிடச் சொன்னார் சம்பத். சிறுவாணி ரோடுதான் என்றார்.

"வர்றேன்டா. எல்லாத்துக்கும் கடைசியில தள்ளி வர்றேன்."

"அதெல்லாம் வேண்டாம். என் பின்னாடியே வா."